கீழ்ப்படியில் நிற்கும் உடம்பு

மாரடைப்பு என்பது பெரிய பதவியில் இருப்பவர்களின் நோய் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு அதிகம், முடிவெடுக்க வேண்டிய தலைவலி அதிகம், தூக்கம் குறைவு. ஆகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிபவர் முதலாளியாகத்தான் இருப்பார். 1958இல் ஜோசப் பிராடி என்ற ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த ஒரு சோதனை, இந்த நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரையும் குத்திக் கொடுத்தது. இரண்டு குரங்குகளுக்கும் ஒரே நேரத்தில் மின்னதிர்ச்சி வரும். அதைத் தடுக்கும் நெம்புகோல் ஒன்றிடம் மட்டும்தான். கடைசியில் வயிற்றுப்புண் வந்தது நெம்புகோல் வைத்திருந்த 'அதிகாரி' குரங்குக்கு. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

பிறகுதான் அதிலிருந்த ஓட்டை தெரிந்தது. எந்தக் குரங்கு அதிகாரி ஆவது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. நெம்புகோலைச் சீக்கிரம் அழுத்தக் கற்றுக்கொண்டவற்றையே பொறுக்கி அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவை இயல்பிலேயே எளிதில் பதறுபவையாக இருந்திருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து ஜே வைஸ் என்பவர், எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அதே மாதிரி சோதனை செய்தார். முடிவு தலைகீழாக வந்தது. இரண்டு எலிகளும் வாங்கிய அடி ஒன்றுதான். ஆனால் தடுக்க வழியே இல்லாத எலிக்குத்தான் புண் அதிகம்.

மனிதர்களிடம் இதே கேள்வியை அளந்து பார்த்த ஆய்வு லண்டனில் நடந்தது. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களைப் பரிசோதித்துவிட்டு, அப்புறம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன் முடிவுகளை உலகறியச் செய்தவர் மைக்கேல் மார்மட். பத்தாண்டுக் கணக்கில், கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மாரடைப்பிலும் அதே கதைதான்.

கீழே இருப்பவர்கள் அதிகம் புகை பிடித்திருப்பார்கள் என்று உடனே தோன்றும். உண்மைதான், பிடித்தார்கள். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அசையாமல் நின்றது. அதைவிட என்னை யோசிக்க வைத்தவர்கள் நடுவில் இருந்தவர்கள். இந்த ஊழியர்களில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், இலவச அரசு மருத்துவம் எல்லாம் இருந்தன. இருந்தும், சராசரியாகப் பார்த்தால், உச்சிக்கு ஒரு படி கீழே இருந்தவர் உச்சியில் இருந்தவரைவிடச் சீக்கிரம் இறந்தார். அவருக்கும் ஒரு படி கீழே இருந்தவர் அவரைவிடச் சீக்கிரம். 'இந்தக் கோட்டுக்கு மேலே எல்லோரும் நலம்' என்று எங்கேயும் கோடு கிழிக்க முடியவில்லை. வறுமை ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட்டு இந்தப் படிக்கட்டைத் தாண்டிப் போய்விட முடியாது.

1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் இரண்டாவது வைட்ஹால் ஆய்வு ஆரம்பித்தது. இந்த முறை ஊழியர்களின் வேலையைப் பற்றியும் விரிவாகக் கேட்டார்கள். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்ய முடிகிறதா? தன் வேலையின் மேல் தனக்கே பிடி இல்லை என்ற நிலையில் இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. இப்படிப் பார்ப்பதற்கான சட்டகத்தை ராபர்ட் கராசெக் 1979லேயே கொடுத்திருந்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. வேலை அதிகம், அதிகாரம் பூஜ்யம் என்ற கூட்டணிதான் சாய்க்கிறது.

பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் டென்ஷனைப் பற்றிப் பேசும்போது பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தலை வலித்தால் கூட்டத்தை நாளைக்குத் தள்ளிவைக்க அவர்களால் முடியும். கால் சென்டரில் இருப்பவர் கழிப்பறைக்குப் போவதற்கே திரையில் ஒரு பொத்தானை அழுத்தி, எத்தனை நிமிடம் என்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருவருக்கும் மருத்துவர் சொல்லும் அறிவுரை மட்டும் ஒன்றுதான்: "டென்ஷன் ஆகாதீங்க." சொல்பவரின் நல்ல மனசைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

சரி, ஒருவருடைய படிநிலை எப்படி அவருடைய ரத்தக்குழாய்க்குள் போய்ச் சேருகிறது?

ஆபத்தைக் கண்ட சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. சண்டை போடு அல்லது ஓடிவிடு என்ற இந்தத் தயார்நிலையைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தவர் வால்டர் கேனன். கொஞ்சம் தாமதமாக இரண்டாவது அணி கிளம்புகிறது. மூளையில் இருக்கும் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குச் சொல்கிறது. அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. அது சர்க்கரையை ஏற்றுகிறது, இப்போதைக்கு அவசரமில்லாத செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்ற வேலைகளை ஒத்திப்போடுகிறது. ஆபத்து விலகியதும் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் 'போதும்' என்று சொல்லித் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் பத்து நிமிட ஆபத்துக்காக உருவான ஏற்பாடு.

வாடகை பாக்கி பத்து நிமிடத்தில் தீராது. ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா, மேலாளர் எல்லோர் முன்பும் எப்போது கத்துவார், தெருமுனையில் நிற்கும் காவலர் இன்று என்னை நிறுத்துவாரா என்ற கேள்விகளுக்கு முடிவே கிடையாது. இந்த நீண்டகாலச் செலவைத்தான் ப்ரூஸ் மெக்வென் தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். நினைவுகளுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி கார்டிசால் வகை ஹார்மோனைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று 1968இல் எலிகளின் மூளையில் காட்டியவர் அவர். 1993இல் எலியட் ஸ்டெல்லரோடு சேர்ந்து, மாறும் சூழலுக்கு ஏற்ப உடல் தன்னைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்வதால் சேரும் தேய்மானத்துக்கு ஒரு பெயரும் கொடுத்தார்: அலோஸ்டாடிக் சுமை. ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு, கார்டிசால் என்று பல அளவுகளைச் சேர்த்து இந்தச் சுமையை இன்று மதிப்பிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயப்படும் அளவில் இருக்காது. சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் எவ்வளவு தேய்ந்திருக்கிறார் என்று தெரியும்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியே ஆகவேண்டும். மன அழுத்தம் என்றால் கார்டிசால் கூடுவது, கார்டிசால் கூடினால் கெடுதல் என்று சமூக ஊடகங்களில் ஒரு சுருக்கமான சூத்திரம் சுற்றுகிறது. 'கார்டிசாலைக் குறைக்கும்' மாத்திரைகள்கூட விற்கிறார்கள். உடம்பு அவ்வளவு எளிமையானது இல்லை. கார்டிசாலின் முக்கியமான வேலைகளில் ஒன்று அழற்சியை, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடம்பு கிளப்பும் வீக்கத்தையும் சூட்டையும், அடக்குவது. அப்படியானால் நாள்பட்ட நெருக்கடியில் இருப்பவர்களுக்கு அழற்சி குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நேர்மாறாக இருக்கிறது. ஷெல்டன் கோயன் இதற்கு ஒரு விடை கொடுத்தார். தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டு, தனியே தங்கவைத்து, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்ப்பது அவருடைய முறை. 1991இல் 394 பேரிடம் செய்தபோது, மன அழுத்தம் கூடக்கூட நோய் பிடிக்கும் வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது. 2012இல் வந்த அடுத்த கட்ட ஆய்வில் காரணம் கொஞ்சம் பிடிபட்டது. வீட்டில் நாள் முழுக்க நம் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடுவோம் இல்லையா, நோய் எதிர்ப்பு அணுக்களும் கார்டிசாலிடம் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. 'அடங்கு' என்ற உத்தரவு வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் யாரும் அடங்குவதில்லை. அழற்சி நீள்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவதும், இன்சுலின் வேலை செய்யாமல் போவதும் இந்த நீண்ட அழற்சியோடு சேர்ந்தே நடப்பவை.

புண் ஆறுவதிலும் இது தெரிகிறது. ஜேனிஸ் கீகால்ட் கிளேசரும் அவருடைய குழுவும் 1995இல் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். மறதி நோயில் இருக்கும் உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அப்படிச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டரில் ஒரே அளவுக் காயம். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற ஏறக்குறைய 49 நாட்கள் ஆனது. என் சித்தி இப்படித்தான் பல வருடம் தாத்தாவைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எதுவுமே சீக்கிரம் குணமாகாது என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு கேலிப்பேச்சு. அதில் சிரிப்பதற்கு எதுவும் இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

எந்த வகை நெருக்கடி உடம்பை அதிகம் உலுக்குகிறது என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 2004இல், ஆய்வுக்கூடங்களில் நடந்த 208 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். கார்டிசாலை அதிகம் ஏற்றியவை இரண்டு அம்சங்கள் சேர்ந்திருந்த சோதனைகள். ஒன்று, நம் கையில் எதுவும் இல்லை என்ற நிலை. இன்னொன்று, மற்றவர்கள் நம்மை எடைபோட்டுக் குறைவாக மதிப்பிடுவார்கள் என்ற நிலை. யோசித்துப் பார்த்தால், சமூகத்தில் கீழே இருப்பவரின் ஒரு சாதாரண நாள் என்பதே இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. படிநிலை உடம்பைக் கெடுக்கிறதா, அல்லது உடம்பு கெட்டவர்கள் படிநிலையில் சரிகிறார்களா? மனிதர்களைக் குலுக்கிப் போட்டு ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் வைக்க முடியாது. குரங்குகளிடம் முடியும். ஜெனி டங்கின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. 45 பெண் ரீசஸ் குரங்குகளை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கூட்டங்கள் அமைத்தார்கள். ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள். ரீசஸ் குரங்குகளில் முதலில் நுழைந்தது மேலே உட்காரும், கடைசியாக வந்தது அடி வாங்கும். அதாவது அந்தஸ்து என்பது பிறப்போ திறமையோ அல்ல, எத்தனையாவதாகக் கதவு திறந்தது என்பது மட்டுமே. எல்லாவற்றுக்கும் சாப்பாடு தாராளம், மருத்துவக் கவனிப்பும் ஒன்றே.

ரத்தத்தை எடுத்து நோய் எதிர்ப்பு அணுக்களில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தபோது, படிநிலைக்கு ஏற்ப ஆயிரக்கணக்கான மரபணுக்களில் மாற்றம் தெரிந்தது. பாக்டீரியாவின் ஒரு கூறைக் காட்டியதும், கீழே இருந்த குரங்குகளின் அணுக்கள் அழற்சியின் பக்கம் கூடுதலாகப் பாய்ந்தன. அதன்பிறகு ஆய்வாளர்கள் கூட்டங்களைக் கலைத்து, வேறு வரிசையில் மறுபடி சேர்த்தார்கள். பழைய அந்தஸ்து போய்ப் புதிய அந்தஸ்து வந்தது. மரபணுக்களின் நடத்தையும் புதிய இடத்துக்கு ஏற்ப மாறியது. டிஎன்ஏ அதேதான், குரங்கும் அதேதான்.

படிநிலை என்றாலே கீழே இருப்பவருக்குத்தான் எப்போதும் கேடு என்றும் சொல்லிவிட முடியாது. கென்யாவில் பபூன்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி, அதிகாரப் போட்டி நடக்கும் கொந்தளிப்பான காலங்களில் மேலே இருக்கும் ஆண்களின் உடம்பும் ஆட்டம் காணும் என்று காட்டினார். அவர் பார்த்த ஒரு கூட்டத்தில் 1980களின் நடுவில், குப்பைமேட்டு இறைச்சி வழியாக வந்த காசநோய் முரட்டு ஆண்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனது; அங்கேதான் சண்டை போட்டுச் சாப்பிட அவை போயிருந்தன. மிஞ்சியவை சாதுவானவை. பல ஆண்டுகள் கழித்தும், வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்து சேர்ந்த பிறகும், அந்தக் கூட்டத்தின் சாந்தமான நடைமுறை தொடர்ந்தது. அங்கே கீழ்நிலை ஆண்களிடம், மற்றக் கூட்டங்களில் காணப்படும் அழுத்தத்தின் உடல் அடையாளங்கள் தென்படவில்லை. ஏணி இருந்தது. மேலே நிற்பவர் உதைப்பது மட்டும் குறைந்திருந்தது.

ஒட்டுமொத்த மக்கள் குழுக்களின் உடல்நல வித்தியாசத்துக்கு வருவோம். இங்கேதான் 'மரபணு' என்ற சொல் சோம்பேறித்தனமாக உள்ளே நுழையும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997இல் இலினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து ஒரு எளிய ஒப்பீடு செய்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரி எடை 3,446 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாருக்கு 3,089 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து குடிபெயர்ந்து வந்த கறுப்பினத் தாய்மாருக்கு? 3,333 கிராம். மரபணுதான் காரணம் என்றால் இந்த மூன்றாவது எண் இரண்டாவதற்கு அருகில் இருந்திருக்க வேண்டும். அது முதலாவதற்கு அருகில் இருக்கிறது. அதே குழு பிறகு அடுத்த தலைமுறையைப் பார்த்தபோது, குடிபெயர்ந்தவர்களின் மகள்கள், அமெரிக்காவிலேயே வளர்ந்தவர்கள், பெற்ற குழந்தைகளின் எடை கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

ஆர்லின் ஜெரோனிமஸ் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். வெள்ளையினப் பெண்களில் பதின்வயதுத் தாய்மாரைவிட இருபதுகளில் பெறுபவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு. கறுப்பினப் பெண்களில் அப்படி இல்லை. இருபதுகளில் பெறுபவர்களின் குழந்தைகள்தான் அதிகம் இறந்தன. பாகுபாட்டோடு வாழ்ந்த ஒவ்வொரு ஆண்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, அதனால் அவர்கள் வயதுக்கு முன்பே முதுமை அடைகிறார்கள் என்பது 1992இல் அவர் முன்வைத்த கருதுகோள். அப்போது அவரைத் திட்டாதவர்கள் குறைவு. பதின்வயதில் பிள்ளை பெறச் சொல்கிறாரா என்றுகூடக் கேட்டார்கள். சொன்னது என்ன என்று படிக்காமலே கோபப்படுவது எல்லா ஊரிலும் உண்டு போல.

திடீரென்று ஒரே நாளில் ஒரு சமூகத்தின் மேல் பயம் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவுகள் இருக்கின்றன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில், கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் 34 சதவீதம் கூடியிருந்தது. மற்றக் குழுக்களில் அப்படிக் கூடவில்லை. 2008 மே 12 அன்று அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில், ஓர் இறைச்சி ஆலையைக் குடியேற்ற அதிகாரிகள் ஹெலிகாப்டர்களோடு வந்து சுற்றி வளைத்து 389 பேரைக் கைது செய்தார்கள். அடுத்த 37 வாரங்களில் அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறக்கும் அபாயம், ஒரு வருடத்துக்கு முந்தைய அதே காலத்தைவிட 24 சதவீதம் அதிகம். அமெரிக்காவிலேயே பிறந்து, குடியுரிமையோடு இருந்த பெண்களுக்கும் அது கூடியது. அவர்களை யாரும் கைது செய்யப் போவதில்லை. கர்ப்பப்பைக்கு அந்தச் சட்ட நுணுக்கம் தெரியாது. வெள்ளையினப் பெண்களிடம் அந்த உயர்வு இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாட்டி பட்ட துயரம் பேத்தியின் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். மைக்கேல் மீனியின் குழு 2004இல் எலிகளிடம் காட்டியது பலமான சான்று: தாய் நன்றாக நக்கி வளர்த்த குட்டிகளின் மூளையில், கார்டிசால் வகை ஹார்மோனை உணரும் ஏற்பியின் மரபணு மேல் ஒட்டும் வேதிக் குறி வேறு மாதிரி இருக்கிறது, குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தால் அந்தக் குறியும் மாறுகிறது. 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடம், அறுபது ஆண்டுகள் கழித்தும் சில மரபணுக் குறிகளில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவர்கள் பஞ்சத்தை நேரடியாகக் கருவிலேயே அனுபவித்தவர்கள். அனுபவிக்காத பேரப்பிள்ளைக்கு மனிதர்களில் இது கடத்தப்படுகிறது என்பதற்குச் சான்று இன்னும் மெலிந்ததுதான். எனக்கு இந்தப் பேச்சில் அறிவியலைவிட அரசியல் பயம் அதிகம். ஒரு சமூகத்தின் உடம்பு தலைமுறை தலைமுறையாகப் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டால், இன்றைக்கு அவர்களுக்கு நடப்பதை யாரும் மாற்ற வேண்டியதில்லை என்றாகிவிடும்.

இன்றைக்கு நடப்பதை மாற்றினால் உடம்பும் மாறுகிறது. 1994இல் அமெரிக்க அரசு ஐந்து நகரங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. மிக ஏழ்மையான குடியிருப்புகளில் இருந்த ஏறக்குறைய 4,500 குடும்பங்களில், குலுக்கலில் தேர்வான சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களின் வருமானம் பெரிதாக உயரவில்லை. ஆனால் அந்தப் பெண்களிடம் கடுமையான உடல்பருமனும் சர்க்கரை நோயும் குறைவாக இருந்தன.

வட கரோலினாவில் நடந்தது வேறு மாதிரி. ஜேன் காஸ்டெல்லோவின் குழு 1993 முதல் 1,420 குழந்தைகளின் மனநலத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அமெரிக்கப் பூர்வகுடிகள். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அந்தப் பூர்வகுடி நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. அதன் லாபத்தில் ஒரு பங்கு எல்லாப் பூர்வகுடியினருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வந்தது. யாரும் யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை, ஆலோசனை சொல்லவில்லை, மூச்சுப்பயிற்சி கற்றுத்தரவில்லை. வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், எதிர்த்து நிற்பது போன்ற நடத்தைப் பிரச்சினைகள் நான்கு ஆண்டுகளில் ஒருபோதும் ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. பதற்றமும் மனச்சோர்வும் அப்படிக் குறையவில்லை. நடத்தையில் வந்த மாற்றத்துக்கு என்ன காரணம் என்று குழு தேடியபோது, மற்ற எதையும்விட ஒன்று பெரும்பகுதியை விளக்கியது: பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்திருந்தது.